‘பேசி முடிச்சிக்கலாம்’ என்ற சொல்லின் விலை

திருவாலங்காடு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் சாலையில் பாதி கரும்புக்குத்தான். டிரெய்லரின் இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்விளக்கு பல வண்டிகளில் எரியாது. மாலை ஆறரை மணிக்கு அதே சாலையில்தான் செங்கல் சூளையிலிருந்தும் கழனியிலிருந்தும் நம் ஜனங்கள் சைக்கிளில் வீடு திரும்புகிறார்கள். நம் காலனிகள் பெரும்பாலும் ஊரைத் தாண்டி, பஸ் நிற்காத இடத்தில் இருக்கின்றன. சைக்கிள் இல்லாமல் நமக்கு வேலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

நமக்குத் தெரிந்த ஒருவரை, வயது முப்பத்தைந்து, ஒரு பருவத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று உரசித் தள்ளியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. டிராக்டர்காரர் ஓடிவிடவில்லை. காரை வரவழைத்து அவரே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். “செலவ நான் பாத்துக்கறேன், கேஸ் கீஸ்னு போவாத. நாளைக்கும் நம்ம மூஞ்சிலதான முழிக்கணும்” என்றார். அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை. நேராக எலும்புக் கட்டு போடும் இடத்துக்குப் போனார்கள். நான்காம் நாள் பெரியவர்கள் சிலர் வந்து உட்கார்ந்து 25,000 ரூபாய் கொடுத்து, பத்திரத்தாளில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த டிராக்டர்காரரின் நிலத்தில்தான் அவருடைய மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மூன்று மாதத்தில் பணம் தீர்ந்தது. கால் கோணலாகக் கூடியிருந்தது. கல் சுமக்க முடியவில்லை, சைக்கிள் மிதிக்க முடியவில்லை.

இதில் நாம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த 25,000 ரூபாயை டிராக்டர்காரர் தன் கையிலிருந்து கொடுத்திருக்கத் தேவையே இல்லை. அவர் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுப்படி சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மூன்றாம் நபர் என்றால் வண்டியின் சொந்தக்காரரும் இல்லை, காப்பீட்டு கம்பெனியும் இல்லை. வண்டியால் அடிபடும் நாம்தான். நம் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டாம், நமக்கு லைசென்ஸும் வேண்டாம். அவர் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியம் நமக்காகக் கட்டிய பணம். பாலிசி நடப்பில் இருந்தால் இழப்பீட்டைக் கம்பெனிதான் கொடுக்கும். வழக்குப் போட்டால் ‘ஓனர் வயிற்றில் அடிப்பது’ என்று ஊரில் பேசுகிறார்கள். அது உண்மை இல்லை. பேசி முடிப்பதில் உண்மையான லாபம் காப்பீட்டு கம்பெனிக்குத்தான். அந்தக் கம்பெனிக்கோ நம் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

எவ்வளவு வந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் பேனா எடுத்துக்கொள்ளலாம். மாத வருமானம் 10,000 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 1,20,000. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண்ணை வகுத்தது. 31 முதல் 35 வயது வரை 16. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 1,20,000 × 16 × 30% = 5,76,000 ரூபாய். நாற்பது வயதுக்குள் இருக்கும் நிரந்தரச் சம்பளம் இல்லாதவர்களுக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. அது சாவுக்கு மட்டுமல்ல, உடல் ஊனத்துக்கும் பொருந்தும் என்பது 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவானது. அதையும் சேர்த்தால் 8,06,400. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, கூட இருந்து பார்த்தவரின் செலவு எல்லாம் தனி. இது ஓர் எடுத்துக்காட்டுதான். ஒவ்வொரு வழக்கிலும் எண்கள் மாறும். ஆனால் 25,000-க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

இந்த ‘30 சதவீதம்’ என்ற இடத்தில்தான் கூலிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மருத்துவக் குழு கொடுக்கும் சான்றிதழில் இருப்பது உடலின் ஊனம். நீதிமன்றம் பார்க்க வேண்டியது பிழைப்பின் ஊனம். 2010-இன் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதை எளிய உதாரணத்தால் விளக்குகிறது: இடது கை போனால் ஒரு ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அலுவலக எழுத்தர் ஒருவர் வேலையில் நீடிக்கலாம். 2012-இல் மோகன் சோனி வழக்கு. வண்டி இழுத்துப் பிழைத்த, 55 வயதான ஒருவர் காலை இழந்தார். அவர் காய்கறி விற்றாவது பிழைக்கலாம் என்று சொல்லி இழப்பைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், வண்டி இழுப்பவருக்குக் கால் போனால் இழப்பு 90 சதவீதத்துக்குக் குறையாது என்றது. உடம்பை வைத்துப் பிழைக்கிறவனுக்கு உடம்புதான் முதல் என்று ஒரு நீதிமன்றம் புரிந்துகொண்ட தருணம் அது. கல் சுமக்கிறவர், நடவு நடுகிறவர், மரம் ஏறுகிறவர் என்று என்ன வேலை செய்தோம் என்பதை மனுவிலேயே விவரமாக எழுதச் சொல்லுங்கள். ‘கூலி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட விடாதீர்கள்.

“எனக்குச் சம்பளச் சீட்டு ஏது?” என்று கேட்பார்கள். தேவையில்லை. சாலையோரக் காய்கறி வியாபாரியிடம் வருமான ஆவணம் கேட்க முடியாது என்று 2014-இல் சையத் சாதிக் வழக்கிலும், கூலித் தொழிலாளி சொன்ன 4,500 ரூபாய் நியாயமானதே என்று 2011-இல் ராமசந்திரப்பா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டும் பக்கத்துக் கர்நாடகத்தில் நடந்த விபத்துகள். வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்பதை 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வருமானமே இல்லையே என்றால், அவர்களுக்கும் 2013-இன் மல்லிகார்ஜுன் தீர்ப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது. மருத்துவச் செலவு நீங்கலாக, ஊனம் 10 சதவீதம் வரை 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம். மிகக் கடுமையான ஊனத்தில் இதைவிடப் பல மடங்கு கொடுத்த தீர்ப்புகளும் பின்னால் வந்துள்ளன.

பிள்ளைகளின் சைக்கிள் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஊர்த் தெருவில் நம்மவர்கள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு பல கிராமங்களில் இருந்தது. நம் தாத்தாக்களுக்கு அது கதையல்ல. தமிழக அரசு பதினோராம் வகுப்பில் இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதே 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான். எல்லாருக்குமானது அதற்குப் பிறகு. தெருவில் ஏறிப் போகும் உரிமையை இவ்வளவு பாடுபட்டு வாங்கினோம். அடிபட்டால் கேட்கும் உரிமையை மட்டும் ஏன் இன்னும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோம்?

இழப்பீடு கைவிட்டுப் போவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அல்ல, முதல் நாளில். அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் சேர்க்கும்போது ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். “சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்” என்று சொன்னால் அதுதான் எழுதப்படும். ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். என்ன வண்டி, முடிந்தால் எண், எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லுங்கள். அடிபட்டவருக்கு நினைவில்லை என்றால் கூடப் போகிறவர் சொல்லட்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. எலும்பு முறிந்தால் எல்லை தாண்டிப் புத்தூர் கட்டுக்குப் போவது. அந்த வைத்தியத்தின் நல்லது கெட்டதை நாம் இங்கே பேசவில்லை. ஆனால் கட்டு போடும் இடத்தில் ஏ.ஆர். காப்பி கிடைக்காது, காவல் நிலையத்துக்குத் தகவல் போகாது, ஊனச் சான்றிதழ் கேட்கும்போது காட்ட முதல் நாள் எக்ஸ்ரே இருக்காது. எங்கே கட்டிக்கொள்வதானாலும் முதலில் அரசு மருத்துவமனையில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். செலவுக்குப் பயந்து ஓட வேண்டியதும் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை இருந்தது, பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. மத்திய அரசும் 2025 மே மாதம் முதல் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். அதை ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்பும் காகிதம் என்று நினைத்துத்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். இழப்பீட்டுக்கு அது அஸ்திவாரம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகப் பதிந்ததாலேயே வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது, உயிரைக் காப்பாற்றுவதா போலீஸுக்கு ஓடுவதா என்றுதான் குடும்பம் முதலில் பார்க்கும் என்ற கருத்தில் 2011-இல் உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய விதிகளின்படி, விசாரிக்கும் போலீஸ் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் ‘படிவம் 2’ என்ற தாளைக் கையில் கொடுக்க வேண்டும். நாம் பேசிப் பார்த்த குடும்பங்களில் யாரும் அப்படி ஒரு தாளைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. கேட்டு வாங்குங்கள். பெயர் நினைவிருக்கட்டும்: படிவம் 2.

மனு போட ஆறு மாதக் கெடு. 2019 திருத்தத்தால் 2022 ஏப்ரலிலிருந்து வந்தது இது. இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அது முடியும்வரை காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்துள்ளது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மனு போடும் இடம் நம் வசதிப்படி. நகரியிலோ புத்தூரிலோ மாம்பழ வேலைக்குப் போன இடத்தில் ஆந்திரா லாரி இடித்தாலும், அடிபட்டவர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு இடம் தருகிறது. சித்தூருக்கு அலைய வேண்டியதில்லை.

வண்டி நிற்காமல் போய்விட்டதா, எண்ணும் தெரியவில்லையா? அப்போதும் வெறுங்கை இல்லை. 161-ஆவது பிரிவில் உயிர் போனால் 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். 2022-க்கு முன் இது வெறும் 25,000, 12,500. விபத்து நடந்த பகுதிக்குரிய வருவாய்த் துறை அதிகாரியிடம், அதாவது கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பம். முடிவெடுப்பவர் கலெக்டர். கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திட்டம் இருந்தும் கேட்பவர் மிகக் குறைவு என்பதுதான் அந்த உத்தரவுக்கே காரணம்.

ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி கைவிரித்தால் பயப்பட வேண்டாம். முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004 முதல் நிலைத்த சட்டம். வண்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்றால்தான் சிக்கல். அப்போது ஓனர்தான் தர வேண்டும். அரசு பஸ் இடித்தால் போக்குவரத்துக் கழகம் தரும். இழுத்தடித்தால் பஸ்ஸையே ஜப்தி செய்வதைத்தான் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோமே. நாய் குறுக்கே வந்து தானாக விழுந்தால் கேட்க யாரும் இல்லை. அதற்குத்தான் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ முழுதாகப் போனால் 1 லட்சம்.

வக்கீலுக்கு என்ன செய்வது? நம்மில் பலருக்கும் தெரியாத செய்தி இது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இலவச வக்கீல் பெறத் தகுதியானவர் பட்டியலின் முதல் வரியே பட்டியல் சாதியினர், பழங்குடியினர்தான். வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழ் நகலோடு திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எந்தச் சாதியானாலும் இதே உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் பழச்சாறோடு வந்து, ‘வர்றதுல இவ்வளவு பர்சன்ட்’ என்று வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்கும் தரகர்களை அண்ட விடாதீர்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே வக்கீல்களுக்குத் தடை. தரகருக்கு என்ன வேலை? மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்வதானால் அது முறையான வழி, பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. சொல்லும் முதல் தொகைக்கே தலையாட்ட வேண்டாம்.

எல்லாம் சரி, நாளைக்கு வேலை தர மாட்டேன் என்றால்? ஊரில் கடைச் சாமான் தராதே, கழனியில் இறக்காதே என்றால்? நம் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வது சட்டம் தெரியாததால் மட்டுமல்ல, இந்தப் பயத்தால்தான். இதை லேசாகச் சொல்லிவிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினர் மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதையும் அப்படிச் செய்வேன் என்று மிரட்டுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதால் மறுநாள் காலையில் கூலி கிடைத்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் அடிபட்ட குடும்பம் தனியாகப் போய் நிற்கக் கூடாது என்கிறோம். தெருவிலிருந்து நாலு பேர், படித்த பிள்ளை ஒன்று, கூடப் போக வேண்டும். டிராக்டர்காரரிடமே போய், “உங்க பணம் வேணாம், உங்க இன்ஷூரன்ஸ் நம்பர் குடுங்க” என்று முகத்துக்கு நேரே சொன்னால் பாதிப் பகை அங்கேயே கரையும்.

நாம் முதலில் சொன்னவருக்கும் அப்படித்தான் நடந்தது. ஐந்தாம் மாதம் தெருவில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில், “அண்ணா, அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்துச்சா?” என்று கேட்டாள். அதிலிருந்து ஆரம்பித்தது. புகார் தபாலில் போனது, எஃப்.ஐ.ஆர். பதிவானது, ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது இலவச வக்கீல் மூலம் மனு தாக்கலானது. டிராக்டர்காரர் முதலில் கோபப்பட்டார். பிறகு பாலிசி நகலை அவரே கொண்டுவந்து கொடுத்தார். மனைவி இப்போதும் அதே நிலத்துக்கு வேலைக்குப் போகிறார். காப்பீட்டு கம்பெனி தரப்பில், விபத்தன்று ஏன் அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தாளையும் தாக்கல் செய்திருக்கிறார்கள். அடுத்த வாய்தாவில் மருத்துவக் குழுவின் சான்றிதழ் வர வேண்டும்.